பாம்பன் பாலத்து ரயில்: டிக்கெட் எடுப்பதற்கு முன்

பாம்பன் பாலத்தை ரயிலில் கடக்க இப்போது இரண்டு, மூன்று நிமிடம் போதும். கடலுக்கு நடுவே ரயிலில் போகலாம் என்று குழந்தை குட்டிகளோடு கிளம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பழைய பாலத்தில், அதுவும் கடைசி ஆண்டுகளில், வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் அளவில்தான் ஊர்ந்தது. 2,065 மீட்டர் நீளத்தை அந்த வேகத்தில் கடக்க 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். புதிய பாலத்தில் 75 கிலோமீட்டர் வரை போக அனுமதி உண்டு. கப்பலுக்கு வழிவிட மேலே எழும் தூக்குப் பகுதியில் மட்டும் 50. செல்போனை எடுத்து, கேமராவைத் திறந்து, குழந்தையை ஜன்னலோரம் தூக்கி நிறுத்துவதற்குள் அக்கரை வந்துவிடும்.

போக்குவரத்து என்று பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2022 டிசம்பர் 23 அன்று, பழைய பாலத்தின் தூக்குப் பகுதியில் பொருத்தியிருந்த உணர்கருவிகள் எச்சரித்ததும் ரயிலை நிறுத்தினார்கள். 1964 புயலின் நினைவு நாளும் அதுவே என்பது தற்செயல். அதன்பின் 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று புதிய பாலம் திறக்கும் வரை, இரண்டு வருடம் மூன்று மாதம் ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே இல்லை. மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, வயதானவர்களையும் மூட்டை முடிச்சையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த அவதி போனதே பெரிய நிம்மதி. ஆனால் பாலத்தைப் பார்க்கவென்றே வருகிறவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு ரயில் பாதி அனுபவம்தான். மீதிப் பாதி சாலைப் பாலத்தின் மேலும் பாம்பன் கரையிலும் கிடைக்கிறது.

எந்த வண்டி என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சென்னையிலிருந்து மாலையில் கிளம்பும் சேது, போட் மெயில், தாம்பரம் எக்ஸ்பிரஸ் எல்லாமே இரவு வண்டிகள். பாலம் வருவது விடியலுக்கு முன்போ, விடியும் விடியாத நேரத்திலோதான். கோடையில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலும் இருக்கும். மார்கழி, தையில் ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. வண்டி அரை மணி தாமதமாக வந்தால் அதிர்ஷ்டம் என்று எண்ண வேண்டிய ஒரே தடம் இதுதான். இந்த வண்டிகளில் பாலம் பார்க்க வேண்டுமென்றால் திரும்பும் பயணம் மேல். ராமேஸ்வரத்திலிருந்து பிற்பகலிலும் மாலையிலும் புறப்படுபவை கிளம்பிய சிறிது நேரத்திலேயே பாலத்துக்கு வந்துவிடும். அட்டவணை அடிக்கடி மாறுகிறது. புறப்படும் நேரத்தையும் அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

பாலத்துக்காகவே போகிறவருக்கு மதுரை – ராமேஸ்வரம் பயணிகள் ரயில்தான் சரி. முன்பதிவு கிடையாது, 161 கிலோமீட்டர், ஏறத்தாழ நான்கு மணி நேரம். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என்று நின்று நின்று போகும். முழு தூரமும் உட்கார்ந்து வரப் பொறுமை இல்லாவிட்டால் ராமநாதபுரம் வரை பஸ்ஸில் வந்து அங்கே ஏறிக்கொள்ளலாம். செலவு சில பத்து ரூபாய்க்குள் அடங்கும். ஒரே தொல்லை கூட்டம். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தீர்த்தமாட வருகிற ஜனத்தில் ஜன்னல் என்ன, நிற்கும் இடமே கிடைக்காது. சனி, ஞாயிறும் ஏறக்குறைய அப்படித்தான். செவ்வாய், புதன் மாதிரி வேலைநாளில் காலையில் மதுரையை விட்டுக் கிளம்பும் வண்டி தோதானது.

ஏசி பெட்டியில் போவதானால் பாலத்தை மறந்துவிடலாம். நிறக்கண்ணாடி, அதன் மேல் உப்புப் படலம், உள்ளிருக்கும் விளக்கின் பிரதிபலிப்பு எல்லாம் சேர்ந்து கடலைப் பழுப்பாக்கிவிடும். திறந்த ஜன்னல் உள்ள சாதாரணப் பெட்டியே போதும். வாசற்படியில் தொங்குவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, பக்கக்காற்று அடிக்கும் பாலம் இது. கை நழுவிய போன் நேராகக் கடலுக்குத்தான் போகும்.

எந்தப் பக்கம் உட்காருவது? ராமேஸ்வரம் போகும்போது இடது கைப்பக்கம் பாக் விரிகுடா, வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும் அலை புரளும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. வாடைக் காலத்தில் பெண்கடலும் பொங்கத்தான் செய்யும் என்பது வேறு. ஒரு பக்க ஜன்னலை ஒட்டினாற்போலப் பழைய பாலம் கூடவே வரும். எந்தப் பக்கம் என்பது வண்டி மண்டபத்தைத் தாண்டியதும் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், நேரம் பற்றாது. இரும்பும் வரலாறும் வேண்டுமென்றால் பழைய பாலத்துப் பக்கம், வெறும் நீலம் போதுமென்றால் எதிர்ப்பக்கம்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் காரணம் ஒற்றைப் பாதை. அடித்தளத்தை இரட்டைப் பாதைக்குத் தக்கபடி போட்டிருந்தாலும், இப்போது ஓடுவது ஒரே தடம். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். எதிர்வண்டி தாமதமானால் நீங்களும் காத்திருக்க வேண்டும். இரண்டாவது கப்பல். தூக்குப் பகுதி மேலே இருக்கும்போது ரயில் அசையாது. மூன்றாவது காற்று. கைப்பிடிச் சுவர் இல்லாத, கடல் மட்டத்திலிருந்து உயர்ந்து நிற்கும் பாலத்தில் வண்டி போகும்போது பெட்டியின் பக்கவாட்டுப் பரப்பு முழுவதும் பாய்மரம் போலக் காற்றை வாங்கும். ஆள் குறைந்த பெட்டி என்றால் எடையும் குறைவு, ஆபத்து அதிகம். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் சிவப்புக்குப் போய்விடும். புதிய பாலத்தில் 50 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் தூக்குப் பகுதியை இயக்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் முந்தைய நாள் செய்தியில் பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டால் நல்லது. கூண்டு ஏறியிருந்தால், அன்றே திரும்பும் விமானத்துக்கோ கல்யாணத்துக்கோ இந்த ரயிலை நம்ப வேண்டாம்.

இனி பாலத்துக்கே வருவோம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். அந்த வாய்ப்பு நீடிக்கவும் போவதில்லை. பழையதைக் கழற்றி அப்புறப்படுத்த ரயில்வே முடிவெடுத்தாயிற்று. நீங்கள் போகும் நாளில் எவ்வளவு மிச்சம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்ல அது ஒன்றே போதும்.

பழைய பாலத்தின் வேலை 1911 ஆகஸ்டில் தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று போக்குவரத்துக்குத் திறந்தது. இந்தியாவின் முதல் கடல் பாலம். மும்பையில் பாந்திரா – வொர்லி பாலம் வரும்வரை மிக நீளமானதும் இதுவே. 40 அடி அளவில் வரிசையாகக் கண்கள் (தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட வெளிகள்), அவற்றுக்கு இடையே கப்பல் போக வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பகுதி. இரண்டு இறக்கைகள், ஒவ்வொன்றும் 415 டன். அதன் சூட்சுமம் எளிது. இறக்கையின் அடிப்பாகம் குழந்தைகள் ஆடும் மரக்குதிரையின் அடிக்கட்டை போல வளைந்திருக்கும். பின்பக்கம் எதிர் எடை. ஆட்கள் கூடிப் பல்சக்கரத்தைக் கையால் சுற்றச் சுற்ற, இறக்கை ஓரிடத்தில் நின்று மடங்காமல், பின்னோக்கி உருண்டபடியே மேலே எழும். ஏற்றத்தில் பின்பாரம் வைத்து நீர் இறைத்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. எடையும் எதிர் எடையும் சமமாக இருப்பதால் சில ஆட்களின் கைபலம் நூற்றுக்கணக்கான டன்னைத் தூக்கியது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. அப்படியே நூறு வருடத்துக்கு மேல் ஓடியது.

பழுதானதும் அங்கேதான். உருளும் பரப்பு, பல்சக்கரம், இரண்டு இறக்கைகளும் நடுவில் சந்திக்கும் பூட்டு என்று நகரும் பாகங்கள் எல்லாம் உப்புக்காற்றில் நிற்கின்றன. இரண்டு இறக்கையும் நடுவில் சேர்ந்து ஒரு கோடாக நிற்க வேண்டும். ஒன்று சற்றுத் தாழ்ந்தாலும் சக்கரம் அந்த இடத்தில் இடிக்கும், இடித்த இடம் மேலும் தேயும். மீட்டர் பாதைக்கென்று செய்த இரும்பின் மேல் 2007 ஆகஸ்ட் முதல் அகலப்பாதை வண்டிகளும் ஓடின. அத்தனை தேய்மானத்தையும் வர்ணம் அடித்தே சமாளித்துவிட முடியாது. உலகிலேயே மியாமிக்கு அடுத்தபடி அரிப்பு மிகுந்த இடம் பாம்பன் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இரண்டாமிடமோ எத்தனையாமிடமோ, பாம்பனில் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே விஷயம் புரியும்.

புதியதில் தத்துவமே வேறு. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு, எடை சுமார் 660 டன். உடையாமல், மடங்காமல், லிப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே போகிறது. உச்சியில் கடல் மட்டத்துக்கு மேல் 22 மீட்டர் இடைவெளி கிடைக்கிறது. கிணற்று ராட்டினத்தின் ஒரு முனையில் வாளி, மறுமுனையில் அதே எடைக்குக் கல் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோபுர உச்சியில் பெரிய உருளிகள், கம்பிவடம், எதிர் எடைகள். மோட்டார் செய்வதெல்லாம் உராய்வை வெல்வது மட்டுமே. ஐந்தரை நிமிடத்தில் உயர்ந்துவிடும். நடுவில் பூட்டு இல்லை என்பது இதன் பெரிய லாபம். ஆனால் இரண்டு முனையும் ஒரே வேகத்தில் ஏறியாக வேண்டும். ஒரு முனை முந்தினால் துண்டு சாய்ந்து கோபுர வழிகாட்டியில் இறுகிக்கொள்ளும். செங்குத்துத் தூக்குப் பாலம் எங்கே கட்டினாலும் கண் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

மற்றபடி 18.3 மீட்டர் அளவில் 99 கண்கள், கடலடியில் ஊன்றிய 333 பைல்கள் (அடித்தளத் தூண்கள்), பழைய பாலத்தைவிட 3 மீட்டர் உயரம், 550 கோடி ரூபாயைத் தொடும் செலவு. அரிப்பைத் தடுக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் வர்ணம், போல்ட் வைக்காத முழு வெல்டிங் இணைப்புகள். கண் அகலமானதால் தண்ணீரில் தூண் குறைவு. பழையதன் நெருக்கமான தூண் வரிசைக்குப் பழகிய கண்ணுக்குப் புதியது கொஞ்சம் மொட்டையாகத்தான் தெரியும். அழகில் பழையதை அது வெல்லவில்லை. இறக்கைகள் விரிந்து வானத்தைப் பார்த்து நிற்கும் காட்சியின் முன் இரண்டு கோபுரத்துக்கு நடுவே ஏறி இறங்கும் பெட்டி சோபிக்காது.

ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லும் கதைகளில் பாதி தவறானவை. அதில் முதலாவது, ஷெர்சர் என்ற ஜெர்மன் பொறியாளர் வந்து இந்தத் தூக்குப் பாலத்தைக் கட்டினார் என்பது. வில்லியம் ஷெர்சர் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், 1893-லேயே இறந்துபோனார். பாம்பனில் வேலை தொடங்கியது அதற்கு 18 வருடம் கழித்து. இங்கே வந்தது அவர் பெயரில் இருந்த வடிவமைப்பு மட்டும்தான். இரும்பைச் செய்து அனுப்பியது இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் நிறுவனம்.

இரண்டாவது, இன்னும் பரவலானது: 1964 புயலில் ரயில் பாம்பன் பாலத்திலிருந்து கடலில் விழுந்தது என்பது. பாலத்தின் மேல் அன்று ரயில் இல்லை. டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653 எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில், தீவின் தரைமேல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ராட்சத அலை அடித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதே இரவில் பாலத்தின் கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள், 126 கடலுக்குள் போயின. இரண்டும் ஒரே புயலில் நடந்ததால் ஜனங்கள் வாயில் ஒன்றாகிவிட்டன. ஜன்னலில் பழைய பாலத்தைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது வேறொன்று: அத்தனை கர்டர் போன இரவிலும் ஷெர்சர் தூக்குப் பகுதி நின்றது.

அதைத் தொடர்ந்த கதையை மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை, உள்ளபடியே சொன்னால் போதும். சீரமைக்க ரயில்வே முதலில் வைத்த கெடு ஆறு மாதம். பிறகு அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் பின்னாளில் டெல்லி மெட்ரோவால் பேர் பெற்ற ஈ. ஸ்ரீதரன், அப்போது வயது 32. புதிய கர்டர்களைச் செய்து தொலைவிலிருந்து கொண்டுவந்தால் கெடுவுக்குள் முடியாது. அதனால் கடலடியில் கிடந்தவற்றையே தேடித் தூக்கி, திரும்பப் பொருத்தினார்கள். 46 நாளில் ரயில் ஓடியது. அதாவது அன்று மறுபடி ரயில் ஓடிய பாலத்தில் பெரும்பகுதி ஒரு தடவை கடலில் முழுகி எழுந்த இரும்பு.

பாலத்தை ஏன் கட்டினார்கள் என்ற கேள்விக்கு ராமேஸ்வரம் கோயில் என்று பதில் சொல்பவர்கள் உண்டு. ரயில் கம்பெனியின் கண் இருந்தது கொழும்பின் மேல். 1914 முதல் எழும்பூரிலிருந்து கிளம்பிய போட் மெயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கே நீராவிக் கப்பல் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டரில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். எழும்பூரிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். வியாபாரிகள் போனார்கள், இலங்கைத் தோட்டங்களுக்கு, ஆள் சேர்க்கும் கங்காணிகளோடு கூலித் தமிழர்களும் போனார்கள். மண்டபம் கேம்ப் என்று ஒரு நிலையப் பெயர் வருகிறதே, அந்தக் 'கேம்ப்', இலங்கைக்குப் போகும் தொழிலாளர்களைத் தொற்றுநோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைத்த முகாம். பல பத்தாண்டுகள் கழித்து எதிர்த்திசையில் வந்த இலங்கை அகதிகளுக்கும் மண்டபமே முகாமானது. ஜன்னலில் சில நொடியில் ஓடி மறையும் பெயர்ப்பலகைதான், ஆனாலும் இலங்கை மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வழி அந்த இடத்தைத் தொட்டே போகிறது.

பாம்பன் நிலையத்தை ஜங்ஷன் என்பதற்கும் காரணம் இதுதான். தனுஷ்கோடிக்கு ஒரு தடமும் ராமேஸ்வரத்துக்கு ஒரு தடமும் இங்கே பிரிந்தன. புயலுக்குப் பின் தனுஷ்கோடித் தடத்தைக் கைவிட்டார்கள், பெயரில் மட்டும் ஜங்ஷன் தங்கிவிட்டது. போட் மெயிலுக்கும் அதே கதி. புயலுக்குப் பின் ராமேஸ்வரத்திலிருந்து போய்வந்த கப்பலும் நின்று நாற்பது வருடமாகிறது, வண்டியை இன்றும் போட் மெயில் என்றுதான் கூப்பிடுகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் இந்த வண்டி நிற்காமல் போனது. செய்தித்தாள் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசினார்கள். அவற்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்துத் தன் முதல் கூலியைச் சம்பாதித்த சிறுவன் அப்துல் கலாம். பேக்கரும்பில் அவர் நினைவிடம் ராமேஸ்வரம் போகும் சாலையிலேயே இருக்கிறது.

பாலத்துக்கு முந்தைய காலத்துக்கும் இரண்டு வரி. பாம்பு போல நெளிந்து ஓடும் நீர்வழியால் பாம்பன் என்ற பெயர் வந்தது என்பது ஊர்ப் பேச்சு. தீவு ஒரு காலத்தில் நிலத்தோடு ஒட்டியிருந்ததாகவும் 1480-ல் அடித்த புயலில்தான் உடைந்ததாகவும் சொல்கிறார்கள். அக்கரைக்கு ஆட்கள் போய்வரும் வழியைக் காத்த ராமநாதபுரத்து மன்னர்கள் சேதுபதி (சேது என்றால் பாலம்) என்று பெயர் வைத்துக்கொண்டதில், பாலம் கட்டுவதற்கு முன்பே பாலத்துக்கு ஒரு காவலர் இருந்தார். 1897 ஜனவரி 26 அன்று மேல்நாட்டிலிருந்து இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனில் பாஸ்கர சேதுபதி வரவேற்றது படகிலிருந்து இறங்கிய இடத்தில்தான். குந்துகால் நினைவு மண்டபம் அதற்காக எழுந்தது.

சரி, பாலத்தை வெளியிலிருந்து பார்ப்பது எப்படி? அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம்தான் நல்ல மாடம். 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்து வைத்தார், நீளம் 2.345 கிலோமீட்டர். அதுவரை தீவுக்கு ரயிலை விட்டால் வேறு தரைவழி இல்லை. கப்பல் அடியில் போவதற்காக நடுவில் மேடாக எழும்புவதால், உச்சியில் நின்றால் இரண்டு ரயில் பாலங்களும் காலடியில் கோடு போட்டாற்போலத் தெரியும். ரயிலில் இரண்டு நிமிடத்தில் நழுவுவதை இங்கே அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். வண்டியை நடுப்பாலத்தில் நிறுத்துவது விதிப்படி கூடாது. அப்படியும் கார்களும் வேன்களும் நிறுத்துவதால் விடுமுறை நாளில் பஸ்கூட நகர முடியாது. பாம்பன் பக்கம் வண்டியை விட்டுவிட்டு நடைபாதையில் நடந்து ஏறுவதே முறை. குழந்தையின் கையை விடக்கூடாது, தொப்பி போட்டால் கயிறு வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் அல்லது நான்கரை மணிக்கு மேல் போங்கள். இடையில் தலைக்கு நிழல் இல்லை. டிரோன் எண்ணம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், இது கடற்படைக் கண்காணிப்பில் உள்ள எல்லைக் கடல்.

ரயிலைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். அது கிளம்பும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் நேரம் பெரிதாகத் தவறாது. மதுரையிலிருந்து வருவது எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணிக்க முடியாது. தூக்குப் பகுதி எழுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நேரம் சொல்ல வழியில்லை. கப்பல்கள் அனுமதி வாங்கி வரும்போது திறப்பார்கள். பாலத்துக்கு அப்பால் பெரிய படகுகள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்பதைப் பார்த்தால் கொஞ்சம் காத்திருந்து பார்க்கலாம்.

சேவைக்கு 5-க்கு 4 மதிப்பெண் கொடுக்கலாம். ஒற்றைப் பாதையின் காத்திருப்புக்கு ஒன்றைக் கழித்தாயிற்று. காட்சிக்கு, இரவு வண்டி என்றால் 1, பகல் பாசஞ்சர் என்றால் 3, அதோடு சாலைப் பாலத்தில் ஒரு மாலையும் சேர்ந்தால் முழு 5. ஒரு யோசனை: காலை பாசஞ்சரில் போய், அது நிற்குமென்றால் பாம்பனிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். கரையில் பழைய தூண்களைக் கிட்டத்தில் பார்த்து, சாலைப் பாலத்தில் ஏறி இறங்கி, ராமேஸ்வரத்துக்கு டவுன் பஸ் பிடிக்கலாம். அந்த பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.